காட்டுவழி நடக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளே,

இரண்டு மாதம் காட்டுவழி நடக்கப் போகிறேன், மனசு எதையோ தேடுகிறது என்று எழுதியிருந்தாய். போய் வா. தேடுவது அங்கே கிடைக்கும். ஆனால் குதிகாலில் கொப்புளம் எரியும்போது எந்த மலையும் கண்ணில் படாது, நினைப்பெல்லாம் அந்தக் காசளவு தோலிலேயே இருக்கும். அதனால் முதலில் காலைப் பற்றியே எழுதுகிறேன்.

கொப்புளத்துக்கு ஷூவை மட்டும் குறை சொல்ல முடியாது. வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் போய் வருகிறது. நடுவில் மாட்டிய தோலடுக்கு இழுபட்டுப் பிரிய, அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும் என்பதால் ஷூவைச் சாயங்காலத்தில் போட்டுப் பார்த்து வாங்கு. விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் விரல் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி போதும்: ஒன்று காலில், ஒன்று பைக்கு வெளியே காய்வதற்கு, மூன்றாவது தூங்கும்போது மட்டும். அந்த மூன்றாவதை எந்த மழையிலும் நனைய விடாதே.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விடு. நடுவில் ஓரிடம் சூடாக உறுத்தினால் உடனே நில். ‘அந்தத் திருப்பம் வரை போய்விடலாம்’ என்று நினைக்கிற பத்து நிமிடத்தில்தான் கொப்புளம் எழும்புகிறது. மண்ணைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு டேப் ஒட்டு. டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள். கூராக விட்டால் சாக்ஸில் மாட்டிச் சுருண்டு, அந்தச் சுருளே புதுப் புண்ணைக் கிளப்பும்.

பை உன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ இருந்தால், தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து 12 கிலோ. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும், பாரம் தோளில் இல்லாமல் இடுப்புப் பட்டையில் இறங்கட்டும். எடை கூடுவதற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். ‘ஒருவேளை’ என்று சொல்லி எடுத்து வைக்கும் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, அது இல்லாவிட்டால் உண்மையிலேயே என்ன ஆகும் என்று கேட்டுப் பார். என்னைக் கேட்டால், துறவின் முதல் பாடம் அந்தத் தரையில் பரப்பிய சாமான்களுக்கு நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. எம்மா கேட்வுட் 1955இல், தன் 67ஆம் வயதில், தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை முழுக்கத் தனியாக நடந்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல்!

முதல் வாரம் ஒரு நாளைக்கு 12, 15 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள். மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பழக இன்னும் பல வாரம் ஆகும். உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் வாரம் வேகம் எடுப்பவர்கள்தான் கெண்டைக்கால் வலியோடு திரும்புகிறார்கள். நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். பையின் பாரத்துக்கு அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். குழல் போன்ற மெல்லிய இழைகள் வழியாகத் தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் கொண்டு போனால் உறைபனி இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்கு. உள்ளே தங்கிய நீர் உறைந்தால் இழை வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

இனி மனசு. முதல் சில நாள் பழைய சண்டை, பாதிப் பாட்டு, சொல்லாமல் விட்ட பதில் என்று சத்தமாகவே இருக்கும். அது ஓய்ந்ததும் சலிப்பு வரும். பலரும் காதில் இயர்போனை மாட்டுவது அப்போதுதான். நீ மாட்டாதே, அந்தச் சலிப்பைத் தாண்டித்தான் நீ தேடுவது இருக்கிறது. காலையில் முதல் ஒரு மணி நேரம் பேச்சில்லாமல், அடிக்கு ஏற்ற மூச்சோடு நட. போனை ஃபிளைட் மோடில் வை. சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி சுமார் 1,200 கிலோமீட்டர் நடக்கும் யாத்திரிகர்கள், கைத்தடியை அந்தப் பாதையின் குருவான கோபோ தாய்ஷியாகவே நினைக்கிறார்கள். தங்குமிடம் சேர்ந்ததும் முதலில் தடியின் நுனியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தங்களைக் கவனித்துக்கொள்வார்கள். உனக்கும் சாயங்காலம் அப்படி ஒரு சின்ன வேலை இருக்கட்டும். டென்ட் போட்டதும் கால் கழுவு, விரல் இடுக்கெல்லாம் துடை, அந்தக் கால்களை இரண்டு நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு உட்கார். அதைவிட நல்ல பிரார்த்தனை எனக்குத் தெரியவில்லை.

எந்த நாள் எங்கே தங்குவாய், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எனக்கும் உன் தோழி ஒருத்திக்கும் கிளம்பும் முன்பே அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா