சாண்டோரினி போகிறவர்கள் அக்ரோத்திரியைத் தவறவிடக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, கிரேக்கத் தீவான சாண்டோரினி பற்றிய சுற்றுலாக் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் அறைக்குள்ளேயே நீச்சல்குளம் வைத்த ஓட்டல், ஓயா ஊரில் சூரிய அஸ்தமனம், சாயங்காலப் படகுச் சவாரி, இவ்வளவுதான் கட்டுரையில் இருக்கிறது. அங்கே இருக்கிற பழங்கால ஊரான அக்ரோத்திரியின் பெயரே எங்கும் வரவில்லை. அந்தத் தீவுக்குப் போய் வந்தவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லட்சக்கணக்கில் செலவழித்து, விசாவுக்கு அலைந்து, ஏதென்ஸ் வரை பறந்து, அங்கிருந்து இன்னொரு விமானமோ கப்பலோ பிடித்துப் போகிற நம்மவர்களுக்கு அங்கே பார்க்க வேண்டிய முதல் இடத்தையே சொல்லாமல் விட்டால் எப்படி?

எல்லோரும் படம் எடுக்கிற அந்தச் செங்குத்துப் பாறையும் அதற்குக் கீழே கிடக்கிற நீலக் கடலும் எரிமலை செய்த வேலை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில்தான் தீவு இன்றைய உருவத்துக்கு வந்தது. அன்று சாம்பலில் புதைந்த ஊர் அக்ரோத்திரி. 1967இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடான் மரினாட்டோஸ் அங்கே அகழாய்வைத் தொடங்கினார், 1974இல் அந்த இடத்திலேயே இறந்தும் போனார். வேலை இன்னும் முடியவில்லை, ஊரின் பெரும்பகுதி இப்போதும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

முழு இடத்துக்கும் மேலே கூரை போட்டிருப்பதால் உச்சி வெயிலிலும் நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், ஜன்னல் சட்டம் இருந்த இடம், ஆள் உயரத்துக்குத் தாழிகள், நிலநடுக்கத்தில் நடுவே முறிந்து அப்படியே நிற்கிற கல் படிக்கட்டு என்று ஒவ்வொன்றிலும் கால் நின்றுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வீட்டின் மாடியில் இருக்கிற கழிப்பறை. அங்கிருந்து சுவருக்குள்ளேயே சுட்ட மண் குழாய் இறங்கித் தெருவுக்கு அடியில் ஓடுகிற சாக்கடையில் சேர்கிறது. அத்தனை ஆண்டுகளுக்கு முன் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்! இன்னொரு விஷயம், இங்கே எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை. முன்கூட்டியே வந்த நில அதிர்வுகளைப் பார்த்து மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2025 பிப்ரவரியில் அடுத்தடுத்து பூமி அதிர்ந்தபோதும் 10,000 பேருக்கு மேல் தீவை விட்டுக் கிளம்பினார்கள் என்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் தீவின் முக்கிய ஊரான ஃபீராவில் இருக்கிற வரலாற்றுக்கு முந்தைய தேரா அருங்காட்சியகம் (தேரா என்பது சாண்டோரினியின் இன்னொரு பெயர்). அக்ரோத்திரி வீட்டுச் சுவர்களில் இருந்த ஓவியங்களில் சில இங்கே இருக்கின்றன, பாறையில் தாவி ஏறுகிற நீலக் குரங்குகளைக் குழந்தைகள் விட்டு நகரமாட்டார்கள். மற்ற ஓவியங்கள் ஏதென்ஸில், தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். போகிற வழிதானே, அதையும் பார்த்துவிடலாம்.

ஓயாவில் நீங்கள் படம் போட்டிருக்கிற குகை அறைகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து ஏழை மாலுமிகள் குடியிருந்த வீடுகள் அவை, வசதியான கப்பல் தலைவர்களின் வீடுகள் மேலே இருந்தன. 1956 ஜூலை நிலநடுக்கத்தில் ஓயா தரைமட்டமாகி நிறையப் பேர் வெளியேறினார்கள். அந்தக் குகை வீடுகள்தான் இன்று தீவிலேயே விலை கூடிய அறைகள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே வேண்டாம். ஃபாவா என்று ஒன்று தருகிறார்கள், மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி வெங்காயம் தூவியது, நம் வீட்டுப் பருப்பு மசியல் போலவே வாய்க்கு இதமாக இருக்கும். தக்காளி வடை, வெள்ளைக் கத்தரிக்காய் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துவிட வேண்டும். காற்று பலமாக அடிக்கிற ஊர் என்பதால் பந்தல் கிடையாது. கொடியைத் தரையோடு கூடை மாதிரி வளைத்துவிடுகிறார்கள், குலைகள் அதற்குள்ளே பத்திரமாகப் பழுக்கின்றன. கோடையில் மழையே இல்லாததால் இரவுப் பனியைக் குடித்துத்தான் அந்தக் கொடிகள் பிழைக்கின்றன.

கட்டுரையில் ஃபீராவின் பழைய துறைமுகத்திலிருந்து கழுதை மேல் ஏறி வரும்படி சொல்லியிருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 588 படிகள், வெயிலில் வழுக்குகிற கல், அந்தப் பிராணிகள் ஒரே நாளில் எத்தனை முறை ஏறி இறங்கும்! ஓர் அளவுக்கு மேல் கழுதை மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று கிரேக்க அரசே 2018இல் விதி கொண்டுவர வேண்டியிருந்தது. பக்கத்திலேயே கேபிள் கார் ஓடுகிறது, அதில் வரலாமே.

கூட்டத்தைப் பற்றியும் கட்டுரையில் எச்சரித்திருக்க வேண்டும். சுமார் 15,000 பேர் வாழ்கிற தீவு அது. கப்பல் பயணிகள் வந்து குவிவதால் நாளுக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், 2025 ஜூலை முதல் கோடைக்காலத்தில் கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வசூலிக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு மே மாதமோ செப்டம்பர் கடைசியோ போனால் நல்லது. அஸ்தமனத்துக்கு ஓயாவில் முண்டியடிக்க வேண்டியதில்லை, இமெரோவிக்லியிலிருந்தோ பிர்கோஸ் கிராமத்து உச்சியிலிருந்தோ அதே சூரியனை நிம்மதியாகப் பார்க்கலாம். முழங்கால் ஒத்துழைத்தால் ஃபீராவிலிருந்து ஓயா வரை பாறை விளிம்போடு போகிற சுமார் 10 கிலோமீட்டர் பாதையில் காலையிலேயே நடந்துவிடுங்கள்.

சரி, ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இதே கட்டுரையாளரை அக்ரோத்திரி பற்றித் தனியாக இரண்டு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். ஃபீரா பேருந்து நிலையத்திலிருந்து அங்கே நேரடிப் பேருந்து போகிறது, வாடகைக் கார் கூடத் தேவையில்லை என்பதையும் மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, கோவை