நீலகிரிப் புல்வெளியில் மரம் நட வரும் நண்பர்களுக்கு

வணக்கம்.

ஜூனில் மழை பிடித்ததும் வேன் எடுத்துக்கொண்டு மேலே வருகிறீர்கள். கல்லூரிப் பிள்ளைகள், கம்பெனி ஊழியர்கள், சில சமயம் குடும்பத்தோடும். லீவு நாளை இதற்காக ஒதுக்குகிற உங்கள் மனசின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் நேராகவே எழுதுகிறேன்: நீங்கள் குழி தோண்டுகிற அந்தப் புல் சரிவு, மரத்தை வெட்டி மொட்டையாக்கிய இடம் இல்லை. அது ஆயிரக்கணக்கான வருஷமாகவே புல்வெளிதான்.

இதற்குச் சாட்சி சரிவுக்குக் கீழே இருக்கும் சதுப்பிலேயே கிடக்கிறது. யானை ஆராய்ச்சிக்குப் பேர்போன விஞ்ஞானி ஆர். சுகுமாரும் கூட இருந்தவர்களும் நீலகிரிச் சதுப்பின் கறுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்து 1993-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பநாட்டுப் புற்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிற விதம் வேறு, மரங்கள் எடுக்கிற விதம் வேறு. அந்த வித்தியாசம் செடி மக்கி மண்ணான பிறகும் அழியாது. அதை வைத்து, ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோதே இங்கே புல்தான் மேலோங்கி இருந்தது என்று தெரிந்தது. சோலை என்கிற மலைக்காடு பள்ளத்தில் ஒதுங்கி நிற்கும், மேடெல்லாம் புல், அடியில் சதுப்பு. மலையின் அமைப்பே அப்படித்தான்.

நீங்கள் மரம் நடுவது காற்றில் இருக்கும் கார்பனைப் பிடித்து வைக்கத்தானே? சரி, இங்கே அது ஏற்கெனவே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, மண்ணுக்குள்ளே. புல் தன் உழைப்பில் பெரும்பங்கை வேரில் போடுகிறது. குளிரில் அது மெதுவாகத்தான் மக்கும். சதுப்பில் தண்ணீர் நின்றுகொண்டே இருப்பதால் காற்று உள்ளே போகாது, நுண்ணுயிர்களால் முழுசாகத் தின்ன முடியாது, அப்படியே வருஷா வருஷம் படிந்து பஞ்சு மாதிரி கறுப்பு மண்ணாகிறது. உலக நிலப்பரப்பில் இந்த மாதிரி மண் வெறும் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காட்டு மரங்கள் அத்தனையும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது.

அந்தக் கார்பனில் கொஞ்சம் தண்ணீரோடும் போகும். மழைக்காலத்தில் சதுப்பிலிருந்து வருகிற ஓடை லேசான டீ டிகாஷன் நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அழுக்கு என்று நினைத்திருக்கலாம். மக்கிய இலையும் வேரும் கரைந்த நிறம் அது. அது மாயாறு, பவானி என்று இறங்கிப் பவானிசாகர் அணைக்குள் போகிறது. வழியெல்லாம் நுண்ணுயிர் தின்று ஒரு பங்கு காற்றில் கலக்கும், ஒரு பங்கு அணையின் வண்டலில் படியும், மிச்சம் காவிரியோடு கடலுக்கு. உலகம் முழுக்கக் கணக்குப் போட்டவர்கள் 2007-இல் சொன்னது: நிலத்திலிருந்து ஆண்டுக்கு 190 கோடி டன் கார்பன் ஆறு குளங்களுக்குள் வருகிறது, அதில் கடலைச் சேர்வது 90 கோடி டன்தான். ஆக மண்ணை விட்டு இறங்கிய கார்பனில் பாதிக்கு மேல் வழியிலேயே நின்றுவிடுகிறது, அதிலும் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா காலத்தில் எங்கள் ஊருக்குக் கீழே இருந்த சதுப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து கேரட் போட்டோம். முதல் சில வருஷம் விளைச்சல் அப்படி ஒரு விளைச்சல், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நிலம் இறங்கத் தொடங்கியது. அப்பா நட்ட கல்தூணின் அடி வெளியே தெரிந்தது. மழை அடித்துப் போயிருக்கும் என்று நினைத்தோம், அதுவும் உண்டு, ஆனால் பெரிய காரணம் வேறு. தண்ணீர் வடிந்ததும் காற்று உள்ளே போய், ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்தது சத்தமில்லாமல் எரிந்துபோனது. புகை தெரியாத நெருப்பு அது. இப்போது அதே நிலத்துக்கு லாரி லாரியாக எரு கொட்டுகிறோம்.

மரமும் இதைச் செய்யும். ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் 59 சதவீத இடத்தில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ் நட்டு, முதல் பத்து ஆண்டு அளந்து பார்த்தார்கள். ஓடையில் வருகிற தண்ணீர் 16 சதவீதம் குறைந்திருந்தது. மேலே தண்ணீர் குறைந்தால் கீழே சதுப்பு காயும், சதுப்பு காய்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே சொன்னேன். சீகை மரம், அதாவது வாட்டில் (சீகைக்காய் இல்லை), இன்னும் மோசம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று நட்டது, இன்று யாரும் நடாமலே புல்வெளிக்குள் ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் கொண்டுவருவது நாட்டு மரமாகவே இருக்கலாம், ஆனாலும் புல் இருக்க வேண்டிய இடத்தில் அது அன்னியம்தான்.

ஆகவே இந்த வருஷம் நாற்று கொண்டுவராதீர்கள். கையுறையும் மண்வெட்டியும் கொண்டுவாருங்கள். மழையில் மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயரச் சீகைக் கன்று வேரோடு கையில் வந்துவிடும், ஐம்பது பேர் இருந்தால் ஒரே நாளில் ஒரு சரிவைச் சுத்தம் பண்ணிவிடலாம். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டுதான். அப்புறம் எங்கள் பழைய கால்வாயைக் கல்லும் மண்ணும் போட்டு அடைக்க ஆள் வேண்டும். அப்பா வெட்டியதுதான், அடைக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். எத்தனை மரம் நட்டோம் என்று போட்டோவோடு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும், எனக்குப் புரிகிறது. அதில் மரக் கணக்குக்குப் பதிலாக, பிடுங்கிய சீகைக் கன்றுகளின் கணக்கை எழுதுங்கள்.