நேஷனல் லீக்கை உருவாக்கியவர் பல்க்லி அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க அரசியல்வாதி மார்கன் பல்க்லி பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘நேஷனல் லீக் என்னும் பேஸ்பால் அமைப்பை உருவாக்கியவர்’ என்று அதில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மற்றதெல்லாம் சரி. ஹார்ட்ஃபோர்டு நகரமன்றத்தில் தொடங்கி, 1880 முதல் எட்டாண்டு மேயர், அப்புறம் கனெக்டிகட் ஆளுநர், செனட்டர். ஏட்னா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு 43 ஆண்டு தலைவர். பூட்டிய கதவைக் கடப்பாரையால் திறந்த ஆளுநர் என்பதையும் கட்டுரையாளர் சுவையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த லீக் சிகாகோ நிலக்கரி வியாபாரி வில்லியம் ஹல்பர்ட் பெற்ற பிள்ளை. தங்களுக்குத் தெரியாத விஷயமல்ல இது. அதனால்தான் வருத்தம் கூடுதல்.

1876 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஹோட்டலில் கிழக்கத்திய அணிக்காரர்களை அழைத்துப் பேசி இணங்கவைத்தவர் ஹல்பர்ட். சூதாட்டத்தாலும், இஷ்டப்படி ஆட்டத்தைக் கைவிடும் அணிகளாலும், அதுவரை தொழில்முறை பேஸ்பாலை நடத்திய பழைய சங்கம் சீரழிந்து கிடந்த நேரம் அது. பல்க்லி தலைவரானது சீட்டுக் குலுக்கிப் போட்டதில்! ஓராண்டு இருந்தார், அடுத்து நடந்த வருடாந்தரக் கூட்டத்துக்கு வரவேயில்லை. அதன்பின் 1882-இல் சாகும்வரை பாரம் சுமந்தவர் ஹல்பர்ட். மேற்கே வந்து மிச்ச ஆட்டங்களை ஆடாத நியூயார்க், பிலடெல்பியா அணிகளை, பெரிய ஊர்கள் என்றும் பாராமல் வெளியேற்றினார். 1877-இல் காசு வாங்கிக்கொண்டு தோற்ற விவகாரத்தில் லூயிவில் வீரர்கள் நால்வருக்கு ஆயுள் தடை. வீரர்களை ஒரே அணியோடு கட்டிப்போட்ட 1879-ஆம் ஆண்டு விதியும் அவர் காலத்ததுதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் லீக் பிழைத்தது அவரால். கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழரங்கத்தில் பல்க்லிக்கு 1937-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஹல்பர்ட்டுக்கு 1995 வரை கிடைக்கவில்லை. அந்த அநியாயத்தை நாமும் தமிழில் தொடர வேண்டுமா ஐயா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நான் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் 14 ஆண்டு செயலாளராக இருந்தவன். துணைவிதிகளை ராத்திரி உட்கார்ந்து எழுதியவனும், வீடு வீடாக ஏறி இறங்கிப் பங்குத்தொகை வாங்கியவனும் நான். ஓராண்டு மட்டும் தலைவராக இருந்தவரின் பெயர்தான் கட்டடக் கல்வெட்டில் இருக்கிறது. வெள்ளிவிழா மலரிலும் ‘சங்கத்தை நிறுவியவர்’ அவர்தான். சிகாகோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கிரேஸ்லேண்டு இடுகாட்டில் ஹல்பர்ட் கல்லறையைப் பார்த்தேன். தையல் போட்ட பேஸ்பால் பந்து வடிவில் கல், அதில் லீக்கின் முதல் எட்டு அணிகளுடைய ஊர்களின் பெயர்கள். கண் கலங்கிவிட்டது.

இதுவும் முதல் தடவை இல்லை. 1839-இல் டபுள்டே என்பவர் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று முன்பு ஒரு துணுக்கு போட்டீர்கள். அது கட்டுக்கதை, பேஸ்பால் எங்கே பிறந்தது என்று ஆராய்ந்து அதற்கு முத்திரை குத்திய மில்ஸ் குழுவில் இதே பல்க்லியும் உறுப்பினர். அன்றே எழுதினேன், பதில் இல்லை. அதற்கு அடுத்து நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் ‘கட்டுரை அருமை’ என்ற வரியை மட்டும் வெளியிட்டீர்கள். பிழையைச் சுட்டிய பகுதி எங்கே போயிற்று? முப்பது வருடச் சந்தாதாரனுக்கு ஒரு அஞ்சலட்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் சரி. இக்கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் என் பால் சங்கக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். ஹல்பர்ட் பத்தியில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.