கடைசி நாளில் புது இடம் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். நாளை மறுநாள் இரவு விமானம் என்றும், அன்றைய பகல் முழுவதையும் கடைகளுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். நாளைக் காலையில் பொறுமையாக உட்கார்ந்து படித்தால் போதும்.

நீ எடுத்த முடிவில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கடைசி நாளன்று இன்னொரு அருங்காட்சியகத்தையும் இன்னொரு மலையுச்சியையும் பார்த்தே தீருவது என்று ஓடுகிறவர்களைவிட, வாங்குவதற்கும் உண்பதற்கும் அந்த நாளை விட்டுவைப்பவர்கள் விவரமானவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அதே முடிவை எடுத்துவிட்டு, அந்த ஒரு நாளை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதை நீ முழுமையாக அறியமாட்டாய். 2009-ல் நாம் மூவரும் கடல் கடந்து போன அந்தச் சுற்றுலாவின்போது உனக்குப் பதினொரு வயது.

தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு மேசைகள் மட்டும் போட்டிருந்த சிறிய உணவுக்கடைக்கு மூன்றாம் நாள் தற்செயலாகப் போனோம். அந்தக் கடைக்கார அம்மாள் நம் மொழி தெரியாமலேயே உன் முகத்தைப் பார்த்து, காரம் குறைவாக ஒரு கிண்ணம் தனியாகக் கொண்டுவந்து வைத்தார். ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு முறை அங்கே சாப்பிட வேண்டும் என்று உன் அம்மா அன்றே சொல்லிவிட்டாள். கடைசி நாள் காலையில் மறுபடியும் சொன்னாள். என் சட்டைப் பையிலோ இருபத்து மூன்று பேருக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் இருந்தது. முதலில் வேலையை முடிப்போம், மாலையில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நான் சொன்னேன். மாலை ஆறு மணிக்கு நாம் மூன்றாவது வணிக வளாகத்தில், யாருக்கு எந்தச் சாவிக்கொத்து என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இரவு உணவு, விமான நிலையத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஆறிப்போன ரொட்டி.

அதன் பிறகு எடை பார்க்கும் இடம். பெட்டி நான்கு கிலோ கூடுதலாக இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரின் முன்பாகத் தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு, உன் அம்மா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராக மாட்டிக்கொண்டு வியர்த்துப்போய் நின்றாள். பாதுகாப்புச் சோதனையில், கைப்பைக்குள் வைக்கப்பட்டிருந்த இரண்டு ஜாம் பாட்டில்களை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்திலிருந்த தொட்டியில் போட்டார்கள். கண்ணாடிமேல் கண்ணாடி விழுந்த அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஒன்பது நாள்களில் எத்தனையோ நல்ல இடங்களைப் பார்த்தோம். ஆனாலும் அந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் முதலில் வருவது அந்தத் திறந்த பெட்டிதான். ஏன் இப்படி என்பதற்கு டேனியல் கானமன் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார். ஓர் அனுபவத்தை நினைவு எடைபோடும்போது, அது எத்தனை நேரம் நீடித்தது என்பதை அநேகமாகக் கணக்கில் கொள்வதில்லை. உச்சத்தில் எப்படி இருந்தது, முடிவில் எப்படி இருந்தது என்ற இரண்டையும்தான் பெரும்பாலும் பார்க்கிறது என்கிறார். 1993-ல் அவரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்ததையும், அதே 60 விநாடிக்குப் பிறகு நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏற மேலும் 30 விநாடி வைத்திருந்ததையும் ஒப்பிட்டு, எதை மீண்டும் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட வேதனையையே தேர்ந்தெடுத்தார்களாம். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சந்துக்கடைதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கடைசி நாளில் புதிய இடம் எதையும் தேடாதே. ஏற்கெனவே போய்ப் பிடித்துப்போன கடைக்கு, ஏற்கெனவே உண்டு நாக்கில் நிற்கிற உணவுக்குத் திரும்பிப் போ. புதிய உணவகம் என்றால் நன்றாக இருக்குமா இருக்காதா என்ற சந்தேகம் ஒரு பக்கம், விமானத்தில் வயிறு ஒத்துழைக்குமா என்ற பயம் இன்னொரு பக்கம். தெரிந்த இடத்தில் இந்த இரண்டும் இல்லை. இரண்டாம் முறை போகும்போது மேசையைத் தேட வேண்டாம், உணவுப் பட்டியலைப் பார்த்து விழிக்க வேண்டாம். சுற்றியிருப்பவர்களைக் கவனிக்க நேரம் கிடைக்கும். முதல் முறை நாம் உணவைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

அந்தச் சாப்பாட்டை மதியத்திலேயே வைத்துக்கொள். விமானத்தில் நல்ல உணவு தருவார்கள் என்று நம்பி வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறாதே. உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதுபோல் குறைவாக இருக்கும். காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழேதான். மூக்கும் நாக்கும் உலர்ந்துபோவதால் உப்பும் இனிப்பும் மங்கிவிடுகின்றன. சமைத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அழுத்தம் குறைவதால் வயிற்றிலுள்ள வாயுவும் விரியும் என்பதால், புறப்படுவதற்குச் சற்று முன் மூச்சுமுட்டச் சாப்பிடுவதும் கூடாது. மதியம் ஆசை தீரச் சாப்பிட்டு, மாலையில் இலேசாக ஏதாவது எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வாங்க வேண்டியதையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடு. நான் செய்த பெரிய தவறு இந்த வரிசையை மாற்றியது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பட்டியலே தவறு. இருபத்து மூன்று பேரில் எத்தனை பேர் அந்தச் சாவிக்கொத்தை ஒரு மாதம் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கு, அவர்களை நினைத்து, அந்த ஊரில் மட்டுமே கிடைக்கிற ஏதாவது வாங்கு. மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய உலர்ந்த தின்பண்டம் போதும். பழம், விதை, இறைச்சி ஆகியவற்றை மட்டும் தொடாதே. பூச்சியும் நோயும் பரவும் என்பதால் பல நாடுகளில் எல்லையிலேயே அவற்றைப் பறித்துவிடுவார்கள், அபராதமும் உண்டு.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்பனை வரியைத் திருப்பித் தரும் நாடாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள். பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான்: சுங்க அதிகாரி பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்கக்கூடும் என்பதால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே அந்த வேலையை முடிக்க வேண்டும். அட்டையைத் தேய்க்கும்போது உன் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, அந்த நாட்டுப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடு. சொந்தப் பணத்தில் காட்டுவது உதவிபோலத் தோன்றினாலும், மாற்று விகிதத்தில் அவர்களுக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு அறைக்குத் திரும்பி, பெட்டியைக் கட்டி, அங்கேயே எடை பார்த்துவிடு. நான் உனக்குக் கொடுத்த கையடக்கத் தராசு பெட்டியின் பக்கப் பையில் இருக்கிறது. நீ அதை வெளியே எடுத்திருக்கவே மாட்டாய் என்பது என் ஊகம். திரவம், களிம்பு, பாகு எதுவானாலும் 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் பெரிய பெட்டிக்குள் போகட்டும். 2006-ல் வந்த இந்த விதியை, புதிய ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் நீ வழியில் விமானம் மாறும் இடத்தில் என்ன விதி என்பதுதான் முக்கியம். பவர் பேங்க் வாங்கினால் அது நேர்மாறு: பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

விமான நிலையத்துத் தீர்வையில்லாக் கடைகளைப் பார்த்து ஏமாறாதே. உலகின் முதல் தீர்வையில்லா விமான நிலையக் கடை 1947-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் திறக்கப்பட்டது. அன்று அது நல்ல யோசனை. இன்று பல பொருள்கள் ஊருக்குள் இதைவிட மலிவாகக் கிடைக்கின்றன. மிஞ்சிய சில்லறைக்காக வேண்டாததை வாங்க வேண்டியதும் இல்லை. பணம் மாற்றுபவர்கள் நாணயத்தை அநேகமாக வாங்கமாட்டார்கள் என்றாலும், 1987 முதல் யுனிசெஃப் நிறுவனம் சில விமான நிறுவனங்களோடு சேர்ந்து பயணிகளிடம் மிஞ்சிய நாணயங்களைக் குழந்தைகளுக்காகத் திரட்டிவருகிறது. அப்படி உறை தந்தால் அதில் போட்டுவிடு.

அம்மாவுக்கு நீ எதுவும் வாங்கிவர வேண்டாமாம். கடைசியாக எங்கே, என்ன சாப்பிட்டாய் என்பதை மட்டும் விமானம் ஏறுவதற்கு முன் விரிவாக எழுதி அனுப்பச் சொல்கிறாள். படம் போதாது, எழுத்தில் வேண்டுமாம்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, "கைப்பைக்குள் வைக்கப்பட்டிருந்த" என்ற இடத்தில் விரலை வைத்து, வைத்தது யார் என்பதையும் எழுதும்படி சொல்கிறாள். நான்தான் வைத்தேன்.

அன்புடன்,
அப்பா