3/20-ஐ எப்படிப் படிப்பது?

அன்புள்ள குமரா,

அஸ்தம்பட்டிக்கு வீடு மாறிவிட்டோம், அந்த அலைச்சலில் உன் கடிதம் ஒரு மூட்டைக்குள் போய்விட்டது, இப்போதுதான் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம்.

உன் அப்பாவுக்குச் செய்திகளைப் போன் படித்துக் காட்டும்போது குரல் மனுஷக் குரல் மாதிரியே இருக்கிறது, ஆனால் படிப்பது மட்டும் ஏன் அசட்டுத்தனமாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். குரல் வருவது கடைசிக் கட்டம்தான். எழுதியிருப்பதை எப்படிச் சொல்வது என்று அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும், சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, "3/20 வளைவில் மண்சரிவு" என்று செய்தி வந்தால் உனக்கும் எனக்கும் அது மூன்றாவது வளைவு. கணினிக்கோ அது பின்னமாக இருக்கலாம், மார்ச் 20 ஆகவும் இருக்கலாம். ரூ., கி.மீ. எல்லாவற்றையும் முதலில் முழுச் சொல்லாக விரிக்க வேண்டும், "500-இல்" என்றிருந்தால் ஐந்நூற்றில் என்று சேர்த்துச் சொல்லவும் தெரிய வேண்டும்.

அப்புறம் நம் எழுத்து. பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் க ஒன்றுதான், ஒலி மூன்று விதம், ஆனால் அது நிற்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பதால் விதி எழுதிக் கொடுத்தால் போதும். பல், பஸ் இரண்டிலும் முதலில் நிற்பது ப தான், ஒலி மட்டும் வேறு, அங்கே விதி கைவிட்டுவிடும். அதற்கு அகராதி வேண்டும், இல்லையென்றால் நிறையக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

குரலுக்கு முன்பெல்லாம் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். நம் ஜங்ஷனில் ரயில் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும் அறிவிப்பு அந்த ஜாதிதான், ஒட்டுப்போட்ட இடம் காதுக்கே தெரியும். 2016-இல் வேவ்நெட் என்ற, குரலைத் தானே உண்டாக்கும் கணினி நிரல் வந்த பிறகு கதை மாறியது: ஒரு வினாடி ஒலிக்கு 16,000 புள்ளிகள், ஒவ்வொன்றையும் முந்தையவற்றைப் பார்த்து ஊகித்து உண்டாக்குவது. ஆரம்பத்தில் ஆமை வேகம், இப்போது போனிலேயே ஓடும் அளவுக்கு இந்த வகைக் குரல்கள் வந்துவிட்டன.

ஆனால் என் மாமா பையனுக்குப் பார்வை கிடையாது, அவன் இன்னமும் இ-ஸ்பீக் என்ற பழைய தகரக் குரலைத்தான் வைத்திருக்கிறான். நமக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறான், அழகான குரலை அந்த வேகத்தில் வைத்தால் குழைந்துபோகிறதாம். எனக்கு அவன் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

அப்பா போனில் வாசிப்பு வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துப் பார். மே மாதம் மாம்பழத்துக்கு வருவாய்தானே? புது வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
செல்வம்