'தூண்டலுடன் செய்கிறாள்' என்னும் குறிப்பைப் பற்றி

கற்றல் இடர்ப்பாடு உள்ள மாணவர்களுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும் சிறப்புப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு தாயின் வணக்கம்.

என் மகள் பள்ளியை விட்டு வெளியேறியபோது கொடுக்கப்பட்ட முன்னேற்ற அறிக்கையில், பல் துலக்குதல், குளித்தல், உடுத்துதல், துணி மடித்தல் ஆகிய நான்குக்கும் நேரே 'வாய்மொழித் தூண்டலுடன் செய்கிறாள்' என்று, அதாவது பெரியவர் ஒருவர் வாயால் சொல்லச் சொல்லச் செய்கிறாள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்து நிறைவடைந்தேன். பிறகு ஒரு நாள் காலை, குரல் கொடுக்காமல் குளியலறை வாசலில் நின்று பார்த்தேன். பிரஷை எடுத்தாள், பற்பசையை அளவாகப் பிதுக்கினாள், உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. பற்பசை சரிந்து விரலில் இறங்கும்வரை அப்படியே நின்றாள். அவளுக்குப் பல் துலக்கத் தெரியும். ஆனால், ஒவ்வொரு படி முடிந்ததும் பெரியவர் ஒருவரின் முகத்தைப் பார்த்து 'அடுத்தது' என்ற சொல்லுக்குக் காத்திருப்பதும் அந்த வேலையில் ஒரு படி என்றே அவள் பல ஆண்டுகளாகக் கற்றிருந்தாள். அதைக் கற்பித்தவர்களில் நானும் ஒருத்தி.

வாய்ச்சொல் கொடுப்பதற்கு எளிது, விலக்கிக்கொள்வதற்கு மிகக் கடினம் என்பது சிறப்பாசிரியர்கள் அறிந்த செய்திதான். வேலையின் படிகளைக் காட்டச் சுவரில் ஒட்டிய படவரிசை ஆசிரியர் போன பின்பும் அங்கேயே இருக்கும். குரல் அப்படி இருக்காது. ஆகவே, ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து எழுதும்போதே ஒவ்வொரு படியிலும் எந்த உதவியை எப்போது குறைப்பது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மாணவர் தயங்கினால் உடனே சொல்லிக் கொடுக்காமல் ஐந்து விநாடி பொறுத்திருப்பதும் ஒரு கற்பித்தல் முறையே. சட்டை போடுவதில் மற்றப் பொத்தான்களை நாம் போட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளையிடம் விட்டு, அது கைவந்த பின் அதற்கு முந்தியதையும் விட்டுக்கொடுத்துப் பின்னிருந்து முன்னோக்கி வரும் முறையில், வேலையை முடித்த நிறைவு முதல் நாளே பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது கற்பிக்கும் இடம். காகித நாணயங்களை எண்ணத் தெரிந்த பிள்ளை கடையில் வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர் அவசரப்படுத்தும்போது, உண்மையான பணத்தை எடுத்துக் கொடுப்பார் என்று நாம் எப்படி எதிர்பார்க்கிறோம்? வகுப்பறைச் சுவரில் வரைந்த சிவப்பு விளக்கின் முன் சரியாக நிற்கும் பிள்ளை, இரைச்சல் மிகுந்த சாலையிலும் நிற்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கற்பித்துவிட்டு, மற்ற இடங்களிலும் அது தானாக வரும் என்று நம்பியிருக்கும் வழக்கத்தை ஸ்டோக்ஸ், பேர் என்னும் ஆய்வாளர்கள் 1977ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. கடை, பேருந்து, சலவை ஆகியவற்றுக்கான பாடவேளை அந்தந்த இடத்திலேயே, வெவ்வேறு ஆட்களோடு நடக்க வேண்டும்.

வெளியே அழைத்துச் சென்றால் ஆபத்து என்பீர்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனாலும், அளவறிந்து இடரை எதிர்கொள்ளவிடுவதும் ஒருவருக்குரிய கண்ணியம் என்று, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக எழுதிய ராபர்ட் பெர்ஸ்கி 1972இல் சொன்னதை நான் ஏற்கிறேன். ஒருமுறை தவறான நிறுத்தத்தில் இறங்கி, யாரிடம் என்ன கேட்பது என்று ஆசிரியர் சற்றுத் தள்ளி நிற்கையிலேயே கற்பது, நாங்கள் இல்லாத காலத்தில் முதல் முறையாக வழி தவறுவதைவிட மேலானது.

பெற்றோர் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். யார் வந்தாலும் குளிப்பாட்டலாம், யார் வேண்டுமானாலும் உடை மாற்றலாம் என்று வளர்ந்த பிள்ளைக்கு, எந்தத் தொடுதலை மறுக்கலாம் என்பது தெரிவதில்லை. தானே குளிப்பதையும், கதவைத் தாழிடுவதையும், 'வேண்டாம்' என்று சொல்வதையும் ஒரே பாடமாகக் கற்பியுங்கள். என் மகள் தாழ்ப்பாள் போடக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு வயது பத்தொன்பது. அது ஒன்பது வயதில் நடந்திருக்கலாம்.

2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து தற்சார்பாக வாழ்வதை உரிமை என்கிறது. 24ஆம் பிரிவு வாழ்க்கைத் திறன் கற்பதற்கு வழிசெய்யச் சொல்கிறது. எழுத்தும் கணக்கும் வராத பிள்ளைகளுக்கு என்று கடைசி ஓரிரு ஆண்டுகளில் ஒதுக்கித் தரும் மாற்றுப் பாடமாக இதை வைத்திருப்பது பொருந்தாது. தொடக்க வகுப்பிலிருந்தே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முன்னேற்ற அறிக்கையையும் மாற்றித் தாருங்கள். எந்த இடத்தில், யார் உடனிருக்க, எத்தனை படிகளை எவருடைய சொல்லும் இன்றிப் பிள்ளை செய்தார் என்பது அதில் இருக்கட்டும். 'கற்றுவிட்டார்' என்று எழுதுவதற்கு முன், ஆசிரியர் ஒரு முறையாவது எங்கள் வீட்டுக்கு வந்து, பேசாமல் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்