திருவொற்றியூர்: தரிசனம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகைப் பௌர்ணமி நெருங்கினாலே திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்துவிடும். இங்கே மூலவரான, புற்று வடிவான ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசத்தைக் களைந்து புனுகுத் தைலம் சாத்துவார்கள். அதைக் காண வரும் கூட்டத்தைப் பார்த்தால் இந்த ஊர்க்காரியான எனக்கு மனசு நிறைந்துவிடும். தேரடிக்கே மெட்ரோ ரயில் வந்தபிறகு தூரத்திலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள்.

ஆனால் வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். பௌர்ணமியில் காலை மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் இங்கே வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் சேவிப்பது வழக்கம். அந்த அவசரம் புரிகிறது. அதற்காக, பிரகாரம் சுற்றும்போது தலை நிமிர்ந்து விமானத்தைக்கூடப் பார்க்காமல் போகலாமா?

யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்த தூங்கானைமாட விமானம் அது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. கட்டியவன் பெயரும் நமக்குத் தெரியும்: வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற ரவி. கட்டச் சொன்ன மன்னனின் பெயர் எல்லாக் கோயிலிலும் கிடைக்கும். உளி பிடித்தவனின் பெயரையும் ஆயிரம் ஆண்டு காப்பாற்றி வைத்திருக்கிறது இங்குள்ள கல்வெட்டு.

இன்னொரு கல்வெட்டு எனக்கு அதைவிட நெருக்கமானது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜன் பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு இங்கே வந்து, மகிழ மரத்தடியில் இறைவன் எழுந்தருளியிருக்க, சுந்தரர் வரலாற்றை வாசிக்கக் கேட்டிருக்கிறான். "உன்னைப் பிரியேன்" என்று, தாம் இங்கே மணந்த சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்தது மகிழடியில்தானே! மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கும்போது நாமும் அதே கதையைத்தான் கேட்கிறோம். கதை நடந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை ஒரு சோழ மன்னன் கேட்டான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. வடசென்னை என்றதும் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் மட்டுமே சொல்பவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

பழைய கோயில்களில் எழுத்து பொறித்த சுவரிலேயே மிச்ச விபூதி குங்குமத்தைக் கொட்டுவதும், விளக்கேற்றிய எண்ணெய்க் கையைத் துடைப்பதும் நம்மவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து எழுத்தின் பள்ளம் தூர்ந்துவிடுகிறது. பக்தியில் குறையில்லாதவர்கள்தான் இதையும் செய்கிறார்கள். அது கல்வெட்டு என்று அவர்களுக்குத் தெரிந்தால் செய்ய மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தக் கார்த்திகைக்குக் கவசம் திறக்கும் நேரத்தை வெளியிடும்போது, இக்கோயில் கல்வெட்டுகளில் ஒன்றையாவது படத்தோடு, எளிய தமிழில் விளக்கி வெளியிடுங்கள். சுவரில் எதையும் தடவ வேண்டாம் என்று கூடவே ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, காலடிப்பேட்டை